கொட்டகை நம்முடையது, கோழி யாருடையது?

இன்று ஞாயிறு. இந்த ஏடு உங்கள் கைக்கு வந்து சேரும் வேளையில், கோவை உக்கடத்திலும் சிங்காநல்லூரிலும், திருப்பூரிலும் ஈரோட்டிலும், பொள்ளாச்சியிலும் கோபியிலும் கறிக்கடைகளின் முன்னே மக்கள் காத்து நிற்பர். ஆறு நாள் ஆலையிலும் பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் உடல் தேய உழைத்தவர், ஏழாம் நாள் தம் மக்களுக்குக் கறிச்சோறு ஊட்டக் காத்திருக்கும் வரிசை அது. அதனைக் காணும்போது நமக்கு நாணமில்லை, மகிழ்ச்சியே உண்டு.

அந்த வரிசையிலே இந்நாளில் ஒரு வழக்கு நடக்கிறது, தோழர்களே! "வீட்டிலே வளர்த்த கோழிக்குக் கடைக்கோழி ஈடாகுமா? குப்பையைக் கிளறி, கம்பும் சோளமும் கொத்தித் தின்று வளர்ந்ததன் சுவை எங்கே. கொட்டகையில் அடைத்துக் கொழுக்க வைத்த இந்தப் பஞ்சு எங்கே?" என்பார் ஒருவர். "சுவை இருக்கட்டும், நாட்டுக்கோழி விற்கும் விலைக்கு ஐந்து பேர் உள்ள வீட்டில் வாங்கித் தின்ன இயலுமா? ஏழைக்குக் கறியைக் காட்டியது கடைக்கோழிதானே?" என்பார் மற்றொருவர்.

இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆயின் இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. கோழி யாருடையது? வளர்ப்பவன் உடைமையா? வாங்குபவன் உடைமையா? அன்றி, இருவர் கண்ணிலும் படாத மூன்றாமவன் உடைமையா? நாவின் சுவை பற்றிய வழக்கினை அவரவர் அடுப்பங்கரையில் தீர்த்துக்கொள்ளட்டும். நாம் பேச வேண்டுவது உடைமையைப் பற்றி.

கறி உண்பது குற்றமன்று

முதலிலே ஓர் ஐயத்தைத் துடைத்துவிடுவோம். இறைச்சி உண்பதே இழிவு என்று இந்த மண்ணுக்கு வந்து பாடம் நடத்துவோர் இருக்கின்றனர். 2014ஆம் ஆண்டு இந்திய அரசின் கணக்கெடுப்பொன்று, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 97 பேருக்கும் மேல் புலால் உண்பவரே என்று காட்டியது. அந்தப் பெருந்திரளைப் பார்த்து, "உன் உணவு தாழ்ந்தது" என்று சொல்வது, "நீ தாழ்ந்தவன்" என்று சொல்வதன் மறுவடிவம் அன்றோ!

2003ஆம் ஆண்டை நினைவில் நிறுத்துங்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாதென அன்றைய மாநில ஆட்சி ஆணையிட்டது. கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் கிடாய் வெட்டிப் பந்தி வைக்கும் மக்கள் கொதித்தெழுந்தனர். 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. பின்னர் 2017 மே திங்களில், சந்தைகளில் மாடுகளை இறைச்சிக்காக விற்கலாகாது என்ற விதியினை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. ஒரு வாரத்துக்குள்ளாகவே சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. அவ்வாண்டு சூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது.

பலியிடுவது நன்றா தீதா என்று பகுத்தறிவு மேடையில் வாதிடலாம், நாமும் வாதிட்டிருக்கிறோம். ஆனால் இன்னதைத்தான் உண்ண வேண்டுமென ஆட்சியாளர் கட்டளையிடுவதும், சந்தையை அடைத்து உழவன் கையைக் கட்டுவதும் பகுத்தறிவின் வேலையல்ல. முதுமை எய்திய மாட்டை விற்க முடியாத உழவன் இளங்கன்றை எவ்வாறு வாங்குவான்? புன்செய்ப் புளியம்பட்டிச் சந்தைக்கும் பொள்ளாச்சிச் சந்தைக்கும் சென்று கேட்டுப் பாருங்கள், விடை கிடைக்கும்.

கொடாப்பும் கொரங்காடும்

கொங்கு நாடு வானம் பார்த்த பூமியை மிகுதியாக உடையது. காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில், மூலனூர்ப் பக்கத்துக் காடுகளில் மழை குறைவு. அங்கே உழவர் கண்ட வழி கொரங்காடு. கிளுவை முள்ளால் உயிர்வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, வெள்வேல மரங்களை நிழலுக்கும் நெற்றுக்கும் நிறுத்தி, ஆட்டையும் மாட்டையும் மாற்றி மாற்றி மேய்ப்பது அந்த முறை. காங்கயம் காளை அந்தப் புல்லில் வளர்ந்தது. மேச்சேரி ஆடு அங்கே மேய்ந்தது. விலைகொடுத்து வாங்கும் தீவனம் கிடையாது. ஆட்டின் எருவே நிலத்துக்கு உரம்.

வீட்டு வாசலிலே கொடாப்பு கவிழ்ந்திருக்கும். அதனடியில் குஞ்சுகள். அந்தக் கோழி வீட்டுத் தலைவனின் உடைமை அன்று. வீட்டுப் பெண்ணின் உடைமை. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் அவளது சிறுவாடு. பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கவும், காய்ச்சலுக்கு மருந்து வாங்கவும், கணவன் கையை எதிர்பாராமல் அவள் அவிழ்த்த முடிச்சு அந்தச் சிறுவாட்டு முடிச்சு. காணி நிலமும் அவள் பெயரில் இல்லாத காலத்தில், அவள் பெயரில் இருந்தது ஒரு கோழிதான்!

நிலமற்றவருக்கும் ஒரு வழி இருந்தது. ஆட்டை வாரத்துக்கு விடுவது என்பது அதன் பெயர். ஆடு உடையவன் ஓர் ஆட்டைக் கொடுப்பான். இல்லாதவன் மேய்த்து வளர்ப்பான். ஈனும் குட்டிகளை இருவரும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக் கொள்வர். இருப்பவன் இல்லாதவன் உழைப்பில் ஆதாயம் கண்ட ஏற்பாடே இதுவும், மறுக்கவில்லை. எனினும் இரண்டு ஈற்றுக்குப் பின்னர், வெறுங்கையோடு வந்தவன் கையில் இரண்டு குட்டிகள் இருக்கும். அவை அவனுடையவை. இந்தச் சிறு செய்தியை மனத்தில் பதித்து வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

"அப்படியானால் அந்தப் பழங்காலமே பொற்காலம் என்கிறீரா?" என்று கேட்கத் தோன்றும். இல்லை, இல்லவே இல்லை! அந்தக் காலத்தில் கறி உண்டவர் யார்? எத்தனை நாள் உண்டனர்? நோம்பிக்கு ஒருமுறை, விருந்து வந்தால் ஒருமுறை. பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு உழைத்தவன் குடிசையில் அதுவும் அரிது. ஆட்டை மேய்த்தவன் ஒருவன். அறுத்த கறியில் நல்ல பங்கு பெற்றவன் வேறொருவன். மேய்த்தவனுக்குக் குடலும் தலையும் கொடுத்து வாசலுக்கு வெளியே நிறுத்தியது சாதி. அந்த வாசலுக்குத் திரும்பச் சொல்லும் இயக்கமன்று நமது இயக்கம்.

கொட்டகை வந்த கதை

கறிக்கோழி எப்படி வந்தது? இந்திய நாட்டில் 1971ஆம் ஆண்டு புனேயில் தொடங்கிய வெங்கடேசுவரா குஞ்சுப் பொரிப்பகம் இத்தொழிலுக்கு அடித்தளம் இட்டவற்றுள் ஒன்று. நம் பகுதியில், 1984இல் உடுமலைப்பேட்டையில் சகோதரர் இருவர் சிறு முதலோடு சுகுணா என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அன்று கோழி வளர்த்த உழவர் பலர் கடன் வாங்கிக் குஞ்சும் தீவனமும் வாங்கினர்; வளர்ந்தபின் வியாபாரி சொன்ன விலைக்கு விற்றனர்; விலை சரிந்தபோது கொட்டகையைப் பூட்டினர். அந்தச் சரிவின் நடுவே, 1990களின் தொடக்கத்தில், ஒப்பந்த முறை பிறந்தது. குஞ்சு நிறுவனத்தினுடையது, தீவனம் நிறுவனத்தினுடையது, மருந்தும் மருத்துவரும் நிறுவனத்தினுடையவர். கொட்டகையும் தண்ணீரும் உழைப்பும் உழவனுடையவை. வளர்ந்த கோழியை எடைபோட்டு எடுத்துச் சென்று, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கொடுப்பது.

இம்முறை பரவியதற்குக் காரணம் உண்டு. சந்தை விலை சரிந்தால் அந்த இழப்பு நிறுவனத்தின் தலையில். உழவனுக்குக் கூலி உண்டு. கிணறு வற்றி, தென்னை காய்ந்து, பருத்தி பொய்த்த பல்லடத்திலும் உடுமலையிலும் பொங்கலூரிலும் அந்த உறுதி ஒரு பற்றுக்கோடாக வந்தது. பல்லடத்தில் உள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலையைத் தமிழகம் முழுவதும் எதிர்பார்க்கும் நிலை உண்டாயிற்று. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உள்ள கோழியினப் பறவைகள் 12 கோடிக்கு மேல். இந்திய மாநிலங்களில் முதலிடம்.

முட்டையின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த பகலுணவும் 1982இல் தொடங்கிய சத்துணவும் பிள்ளைகளின் பசியை ஆற்றின. 1989இல் கலைஞர் ஆட்சி அந்தத் தட்டில் இரு வாரத்துக்கு ஒரு முட்டையை வைத்தது. 2010இல் அது வாரத்துக்கு ஐந்து முட்டையாக வளர்ந்தது. நாமக்கல்லில் பெருகிய பண்ணைகள் இல்லையேல் அத்தனை இலட்சம் குழந்தைகளுக்கு அத்தனை முட்டை எங்கிருந்து வந்திருக்கும்? ஆகவே, கொட்டகையைக் கொளுத்திவிட்டுக் கொடாப்புக்குத் திரும்புவோம் என்று பேசுபவன் ஏழைக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பவன். அந்தப் பேச்சு நமக்கு வேண்டா.

கணக்கினைப் பார்ப்போம்

வேண்டுவது என்ன? கணக்கு. கணக்கு கேட்பது நமது பிறப்புரிமை அன்றோ!

ஓர் உழவர் 5,000 குஞ்சு வளர்க்கும் கொட்டகை கட்டுகிறார் என்று கொள்வோம். நிலம் அவருடையது, கொட்டகைக்கு வாங்கிய வங்கிக் கடன் அவருடையது. நாற்பது நாள் அளவில் குஞ்சு இரண்டு கிலோ கோழியாகிறது. நூற்றுக்கு ஐந்து இறந்துபோகும் என்று கொண்டால் மிஞ்சுவது 4,750. எடை 9,500 கிலோ. கிலோவுக்கு ஆறரை ரூபாய் என்ற கூலியைச் சுற்றியே பல ஆண்டுகள் கழிந்தன என்பது வளர்ப்போர் சங்கங்களின் முறையீடு. அந்தக் கூலியை வைத்துப் பெருக்குங்கள்: 61,750 ரூபாய். கொட்டகையைத் தூய்மை செய்து அடுத்த குஞ்சு வந்து இறங்கும் நாளையும் சேர்த்தால், இஃது ஏறத்தாழ இரண்டு மாத வருமானம். இதற்குள்ளே மின்கட்டணம், தரையில் பரப்பும் தேங்காய் நார்த்தூள், குஞ்சுக்குச் சூடு காட்டும் கரி, கூலியாள், கடன் தவணை. இரவில் மின்சாரம் நின்றால் எழுந்தோடும் கணவன், விடியலில் தண்ணீர்க் குவளை கழுவும் மனைவி ஆகிய இருவர் உழைப்புக்கும் விலை இந்தக் கணக்கில் எங்கே? தேடிப் பாருங்கள், கிடைக்காது.

இன்னொன்று. தின்ற தீவனத்துக்கு ஏற்ற எடை கூடவில்லையென்றால் கூலி குறையும். குஞ்சு நலிந்ததாக இருந்தால்? தீவனம் தரங்குறைந்ததாக இருந்தால்? இரண்டையும் கொடுத்தவன் ஒருவன். குறைந்த கூலியைப் பெறுபவன் வேறொருவன். நோய் வந்தாலும், விலை வீழ்ந்தாலும் "அடுத்த குஞ்சு பின்னர் வரும்" என்ற ஒரு சொல்லில் கொட்டகை வெறுமையாகிறது. வங்கித் தவணை மட்டும் நாள் தவறாமல் வருகிறது. 2006இல் மராட்டியத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோதும், 2020இல் கோழி தின்றால் கொரோனா என்ற பொய் பரவியபோதும் கோழி விலை வீழ்ந்ததை மறந்துவிட முடியுமா?

பெயரைக் கவனியுங்கள், தோழர்களே! இதனை விலை என்று சொல்வதில்லை, கூலி என்கின்றனர். விலை என்றால் பொருள் அவனுடையதாக இருக்க வேண்டும். கோழி அவனுடையதன்று, ஆகவே கூலி. சரி, கூலியாள் என்றால் கூலியாளுக்குரிய பாதுகாப்பு உண்டா? குறைந்தபட்சக் கூலி உண்டா? வைப்புநிதி உண்டா? "இல்லை, நீர்தாம் கொட்டகை முதலாளியாயிற்றே!" என்பது விடை. ஆதாயம் வரும்போது அவன் கூலியாள்; காற்றில் கூரை பறக்கும்போது அவன் முதலாளி! இவ்வளவு வசதியான ஏற்பாட்டினைப் பழைய மிராசுதாரர்கூடக் கண்டறியவில்லை. வாரத்துக்கு ஆடு வளர்த்தவனுக்கு இரண்டு ஈற்றுக்குப்பின் இரண்டு குட்டி மிஞ்சியது. இருபது ஆண்டு கோழி வளர்த்தவன் கையில் ஒரு குஞ்சுகூடச் சொந்தமாக மிஞ்சவில்லையே, ஏன்?

குஞ்சின் மூலம் இன்னும் தொலைவில் இருக்கிறது. விரைந்து வளரும் கறிக்கோழிக் குலத்தின் மூலவித்தில் பெரும்பகுதி உலகில் காப், ஏவியாஜென் என்னும் இரண்டு நிறுவனங்களின் பிடியில். தீவனத்தின் சோளமும் சோயாவும் வெளிமாநிலங்களிலிருந்து வருகின்றன. 2021இல் சோயா விலை ஏறியபோது, மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கு 12 இலட்சம் டன் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு இசைவு தந்தது. கொரங்காட்டு ஆடு தன் காலடியில் முளைத்த புல்லைத் தின்றது. கொட்டகைக் கோழியின் தீனி எங்கோ ஓரிடத்து விலையேற்றத்தில் ஆடுகிறது. மண் நம்முடையது, வேர்வை நம்முடையது. வித்தும் தீனியும் விலையும் பிறர் கையில்!

வதந்தி வேறு, உண்மை வேறு

கடைக்கோழிக்கு ஊசி போட்டு ஊத வைக்கின்றனர், வளர்ச்சிச் சுரப்பு ஏற்றுகின்றனர் என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. நம் தோழர்கள் அதனைத் திருப்பிச் சொல்லலாகாது. ஐயாயிரம் கோழிக்கும் நாள்தோறும் ஊசி போட ஆளும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. அக்கோழி விரைந்து வளர்வது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த குலத்தாலும் செறிந்த தீவனத்தாலும்.

உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. நோய் தீர்க்க வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை, நோய் வராத கோழிக்கும் எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் கலந்தால், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். நாளை நம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது மருந்து தோற்கும். மனிதருக்கு இறுதிக்கட்ட மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தருவதை 2019 சூலையில் ஒன்றிய அரசு தடை செய்ததன் காரணம் இதுவே. தடை ஏட்டில் இருந்தால் போதுமா? தீவன மூட்டையையும் கடைக் கறியையும் சோதிக்க ஆய்வுக்கூடமும் ஆய்வாளரும் வேண்டும். முடிவினை மக்கள் அறிய வெளியிட வேண்டும். வதந்தியைப் பரப்பினால் வளர்ப்பவன் வயிறு எரியும். உண்மையைக் கேட்டால் ஆட்சியும் நிறுவனமும் விடை சொல்ல வேண்டிவரும். நம் வேலை இரண்டாவது.

"நாட்டுக்கோழி" என்ற பலகையைக் கண்டு மயங்குவதும் வேண்டா. உண்மையான நாட்டுக்கோழி ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடை எட்ட நான்கைந்து மாதம் ஆகும். கிரிராஜா, வனராஜா போன்ற கலப்பினங்கள் ஆராய்ச்சி நிலையங்கள் தந்த நல்ல இனங்களே. அவற்றை அவற்றின் பெயரால் விற்பதில் தவறில்லை. நாட்டுக்கோழி என்று பெயர் மாற்றி, விலையை ஏற்றி விற்பதுதான் ஏமாற்று.

ஏமாற்று என்றதும் பெருந்துறை நினைவுக்கு வராமல் இராது. ஆத்திரேலியப் பறவையாம் ஈமு. அதன் கறிக்கும் எண்ணெய்க்கும் உலகெங்கும் கிராக்கியாம். பணம் கட்டினால் பறவையும் மாதந்தோறும் தொகையும் தருவோம் என்று விளம்பரம் செய்தனர். உழவர் நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் கட்டினர். 2012இல் எல்லாம் சரிந்தது. தீனியின்றித் தவித்த பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறை தீனி போட நேர்ந்தது. தன் தெருவில் எவரும் தின்னாத பறவையை, தான் காணாத சந்தையை நம்பி வளர்த்ததன் விளைவு அது. ஒப்பந்தத் தாளை ஊன்றிப் படிக்கவும், சங்கமாகக் கூடிப் பேசவும் பழக்கப்படாத உழவனை அடுத்த ஈமு எந்த உருவில் வந்து விழுங்குமோ!

உலகம் காட்டும் வழி

இந்த ஒப்பந்த முறை நம் நாட்டுக்கே உரியதன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கெயின்ஸ்வில்லில், 1930களில் ஜெசி ஜுவெல் என்ற தீவன வணிகர், பஞ்சத்தில் வாடிய உழவருக்குக் குஞ்சும் தீவனமும் கடனாகக் கொடுத்துக் கோழியைத் திரும்பப் பெற்றதிலிருந்து வளர்ந்த முறை அது. முதலாளித்துவத்தின் தாயகமான அந்த நாட்டிலேயே, கால்நடை வணிகப் பெருநிறுவனங்களை அடக்க 1921ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் எழுதினர். 2023இல், கோழி நிறுவனங்கள் வளர்ப்போரிடம் வருமான விவரங்களை மறைக்காமல் சொல்ல வேண்டுமென அதே சட்டத்தின்கீழ் அவர்கள் அரசு விதி வெளியிட்டது. அங்கே கேட்கலாம்; இங்கே கேட்டால் தொழிலுக்கு இடையூறா?

அமெரிக்காவரை போவானேன்? வாளையாற்றைக் கடந்தால் கேரளம். பல்லடத்துக் கோழியை நம்பியிருந்த அம்மாநிலம், 2017இல் குடும்பசிறீ பெண்கள் குழுக்களின் வழியாகக் "கேரளா சிக்கன்" திட்டத்தைத் தொடங்கியது. வளர்ப்பவரும் பெண்கள், கடை நடத்துபவரும் பெண்கள், நிறுவனமும் அவர்களுடையது. மத்தியப் பிரதேசத்தின் கேசலா வட்டாரத்தில் பழங்குடிப் பெண்கள், பிரதான் என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, 2001இல் கூட்டுறவாகப் பதிவு செய்துகொண்டு சிறுசிறு கொட்டகைகளில் கறிக்கோழி வளர்க்கின்றனர். அதே பிராய்லர்தான், ஆனால் அது அவர்களுடைய பிராய்லர்! வேறுபாடு கோழியில் இல்லை; உடைமையில் இருக்கிறது.

நம் ஊரிலேயே சான்று உண்டு. விடியலில் பால் சங்கத்துக்குச் செல்லுங்கள். பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ற விலையை எழுதுகின்றனர். 1981இல் அமைந்த பால் உற்பத்தியாளர் இணையமும் அதன்கீழ் உள்ள ஒன்றியங்களும் குறையற்றவை அல்ல; விலை போதாதென்று பால் உற்பத்தியாளர் போராடியதும் உண்டு. ஆயினும் மாடு அவளுடையது; பால் அவளுடையது; விலை பேச அவளுக்கு வாய் உண்டு. பாலுக்கு இயன்றது கோழிக்கு ஏன் இயலாது?

நாம் செய்ய வேண்டுவன

கழகத் தோழர்களே! கட்டுரையைப் படித்து மடித்து வைப்பதற்காக இவ்வளவும் எழுதவில்லை. பணிகள் உள.

முதற்பணி, ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2019இல் வேளாண் விளைபொருள், கால்நடை ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் ஒன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு வந்தது. உழவர் போராட்டத்தால் 2021இல் திரும்பப் பெறப்பட்ட ஒன்றிய அரசின் சட்டம் வேறு, இது மாநிலத்தினுடையது. கால்நடையைத் தன் பெயரிலேயே தாங்கிய இச்சட்டம் கோழிக் கொட்டகைவரை வந்து சேர வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். படி வளர்ப்பவன் கையில் இருக்க வேண்டும். குஞ்சின் எடையும் தீவனத்தின் தரமும் அவன் கண்முன் சோதிக்கப்பட வேண்டும். விலைவாசி ஏறுமளவு கூலி ஏற வேண்டும். கூலியை ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில், நிறுவனமும் வளர்ப்போர் சங்கமும் சரிசமமாக அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் உள்ள கிளைகள், தத்தம் ஊரில் எத்தனை கொட்டகை, எந்த ஒப்பந்தம், என்ன கூலி என்று கணக்கெடுத்து எழுதுங்கள். எண்ணிக்கை இல்லாத முறையீடு காற்றில் போகும்.

இரண்டாம் பணி, கூட்டுறவு. தீவன ஆலையும் பொரிப்பகமும் கறிக்கடையும் வளர்ப்போர் கூட்டுறவின் கையில் வர, அரசு முதலீடு தர வேண்டும். பிள்ளைகளின் தட்டுக்கு வாரம் ஐந்து முட்டை வாங்கும் அரசு, அதில் ஒரு பங்கினைச் சிறு வளர்ப்போர் குழுக்களிடமிருந்தே வாங்கட்டும். இதைவிட உறுதியான சந்தை எந்தக் குழுவுக்குக் கிடைக்கும்?

மூன்றாம் பணி, கொடாப்பு. 2012க்கும் 2019க்கும் இடையே இந்தியாவில் புறக்கடைக் கோழிகளின் எண்ணிக்கை நூற்றுக்கு 45க்கு மேல் பெருகியது. பண்ணைக் கோழிகளோ நூற்றுக்கு ஐந்துகூடப் பெருகவில்லை. வீட்டுக்கோழி செத்துவிடவில்லை, தோழர்களே, எழுந்து நிற்கிறது! 2011இல் தொடங்கிய விலையில்லா வெள்ளாடு, செம்மறியாடு திட்டமாயினும், பின்வந்த நாட்டுக்கோழித் திட்டங்களாயினும், ஆட்சி எவருடையதாயினும், ஏழைப் பெண்ணின் கையில் ஓர் உயிருள்ள உடைமையைத் தருவது நல்ல செயலே. ஆனால் குஞ்சைக் கொடுத்துவிட்டுக் கைகழுவினால் போதாது. வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசி காலத்தில் ஊருக்கு வரவேண்டும். ஒரு கொடாப்பில் வந்த கழிச்சல் ஒரு தெருவின் சிறுவாட்டையே ஒரு வாரத்தில் அழித்துவிடும். தடுப்பூசி முகாமை ஊரில் கூட்டுவது கிளைத் தோழர்களால் இயலாத செயலா?

நான்காம் பணி, மேய்ச்சலும் சந்தையும். கொரங்காடுகள் மனைகளாகின்றன, கிளுவை வேலி கம்பி வேலியாகிறது. மேய்க்க இடமில்லாதவனுக்கு ஆடு கொடுத்துப் பயன் என்ன? ஊர்ப்பொது மேய்ச்சல் நிலத்தைக் காப்பதும், வாரச்சந்தைகளில் நிழலும் நீரும் நேர்மையான எடைக்கல்லும் கேட்பதும் ஊராட்சியில் உள்ள நம் உறுப்பினர்களின் கடமை.

இறுதியாக, உண்பவராகிய உங்களுக்கும் ஒரு சொல். வசதியுள்ளவர் நாட்டுக்கோழி உண்ணுங்கள். வளர்த்த பெண்ணிடமே, அவள் கேட்கும் விலைக்கு, பேரம் பேசாமல் வாங்குங்கள். வசதியில்லாதவர் கடைக்கோழி உண்ணுங்கள். எவர் முன்னும் தலைகுனிய வேண்டா. அந்தக் கோழியை வளர்த்தவன் தன் கூலிக்காகத் தெருவில் நிற்கும் நாளில், "இது கோழிக்காரன் வழக்கு" என்று விலகிப் போகாதீர்கள். ஆலைத் தொழிலாளி தெருவில் நின்றபோது உழவன் வீட்டுச் சோறு வந்தது. உழவன் நிற்கும்போது ஆலைத் தொழிலாளியின் கொடி வரவேண்டும்.

உழுபவனுக்கே நிலம் சொந்தம் என்று ஒரு தலைமுறை முழங்கிற்று. அந்த முழக்கத்தின் பொருள் வயல் வரப்போடு முடிந்துவிடவில்லை. தறிக்கும் அது பொருந்தும், பட்டறைக்கும் பொருந்தும், பல்லடத்துக் கொட்டகைக்கும் பொருந்தும். வளர்ப்பவன் கைக்கு உடைமை வரும்வரை, வீட்டிலே வளர்ந்தாலும் அது பிறன் கோழியே. நம் வீட்டுக் கோழியை நம் கோழியாக்கும் பணியினைத் தொடங்குவோம், வாரீர்!